ஊசியும் ஏடும்

தமிழ் மக்களுக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மாமரம் காய்த்துக் குலுங்க, வேம்பு பூத்துச் சொரிய, வெயில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் காலம் அது. மனிதர் நிழலை நாடி வீட்டினுள்ளே புகும் பருவம் என்று அதனைக் கூறலாம். வடதிசை நாடுகளின் இளவேனில் இதற்கு மாறானது. அங்கே அது மனிதர் வெயிலை நாடி வீட்டை விட்டு வெளியே வரும் பருவம். இங்கிலாந்தின் வட பகுதியில் மார்கழி மாதத்துப் பகற்பொழுது ஏறத்தாழ 7½ மணி நேரமே. வைகாசி பிறக்கும்பொழுது அது 16 மணி நேரமாக நீண்டுவிடும். ஓராண்டுக்குள் ஒளி இவ்வாறு சுருங்கியும் விரிந்தும் வருகின்ற நாட்டில், வீட்டு வேலை எங்கே நடப்பது, எப்போது நடப்பது, யாரோடு கூடி நடப்பது என்பவற்றையெல்லாம் பருவமே தீர்மானித்தது.

அரசர் ஆண்ட ஆண்டுகளையும் படைகள் மோதிய களங்களையும் வரலாற்று நூல்கள் விரிவாக எழுதி வைத்திருக்கின்றன. வீட்டிலே ஒரு பெண் மாலைப்பொழுதில் என்ன செய்தாள், அவள் கையில் என்ன இருந்தது, காதில் என்ன விழுந்தது என்பதை அவை பெரும்பாலும் எழுதவில்லை. ஆயினும், எப்போதாவது ஒரு சாளரம் திறந்துகொள்கிறது. அத்தகைய சாளரங்களில் ஒன்று இங்கிலாந்தின் டென்ற் என்னும் மலைநாட்டுப் பள்ளத்தாக்கின்மீது திறந்தது. அதனூடே தெரிவன இரு பொருள்கள்: பின்னல் ஊசி ஒன்று, புத்தகம் மற்றொன்று.

இவ்விரண்டும் ஒரே காட்சியில் இடம்பெறுவது டென்றுக்கு மட்டும் உரிய புதுமையன்று. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கலைக்கூடத்தில், 1400ஆம் ஆண்டளவில் ஓவியர் பேட்ராம் வழியில் தீட்டப்பெற்ற பழைய பலிபீட ஓவியத் தொகுதி ஒன்று உண்டு. அதில் ஒரு படத்திலே கன்னி மரியாள் வீட்டில் அமர்ந்து நான்கு ஊசிகளைக்கொண்டு சிறு சட்டையொன்றைத் தையலின்றி வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறாள். அவள் அருகே குழந்தை இயேசு விரித்த புத்தகத்தோடு காணப்படுகிறார். பக்கத்தில் ஒரு பம்பரமும் கிடக்கிறது. வரப்போகும் துன்பத்தின் சின்னங்களை ஏந்திய வானதூதர் வந்து நிற்பதே படத்தின் சமயப் பொருள். எனினும், அப்பொருளைக் காட்டுவதற்கு ஓவியன் தேர்ந்துகொண்டது தன் காலத்துச் சாதாரண வீட்டையே. தாய் பின்னுகிறாள், பிள்ளை வாசிக்கிறான் என்பது, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வீடு என்றதும் மனத்தில் எழக்கூடிய காட்சியாய் இருந்தது.

பின்னற்கலை நெசவைப் போல் அத்துணைத் தொன்மையானதன்று. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னற் துண்டுகளிற் பல எகிப்து நாட்டவை. நீலமும் வெண்மையுமான பருத்தி நூலாற் செய்யப்பெற்றவை. அங்கிருந்து மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் வழியாக அது ஐரோப்பாவெங்கும் பரவியது. தறிக்கு இடம் வேண்டும். தறியைத் தூக்கிக்கொண்டு நடத்தல் இயலாது. பின்னலுக்கோ இரண்டு மூன்று ஊசிகளும் ஒரு நூற்பந்துமே போதும். மேலும், கை பழகியபின் கண்ணின் துணை அதற்குப் பெரிதும் வேண்டப்படுவதில்லை. விரல்கள் தாமே கண்ணி கண்ணியாகக் கோத்துச் செல்லும். கண்ணையும் காதையும் மனத்தையும் விட்டுவைக்கின்ற தொழில் இது. பின்னலும் வாசிப்பும் நட்புக்கொண்டமைக்குக் காரணம் இதுவே.

டென்ற் பள்ளத்தாக்கு முன்னர் யோர்க்சயர் மாகாணத்தின் மேற்குப் பிரிவைச் சேர்ந்திருந்தது. 1974ஆம் ஆண்டு முதல் கம்பிரியா என்னும் மாவட்டத்துள் அடங்குகிறது. நாற்புறமும் உயர்ந்த புல்மேடுகள், அவற்றில் மேயும் ஆடுகள், அடிவாரத்தில் ஓர் ஓடை, ஓடையோரத்தில் கல்வீடுகள் என்பதே அதன் தோற்றம். தம் சிறு நிலத்தைத் தாமே பயிரிட்ட உழவர் அங்கே வாழ்ந்தனர். நிலம் கொடுத்தது போதாமையால் ஆட்டு மயிரை நூலாக்கிப் பின்னி விற்று வாழ்க்கையை நிரப்பினர். யாழ்ப்பாணத்தார் மேசு என்று வழங்கும் காலுறைகளும், கையுறைகளும், தொப்பிகளும் அங்கே பின்னப்பட்டன. அண்மையிலுள்ள கென்டல் முதலிய ஊர்களின் வணிகர் நூலைக் கொடுத்து, முடிந்த சரக்கை வாங்கிச் சென்றனர். போர்க்காலங்களில் படைவீரர்க்கான காலுறைகளுக்குப் பெருந்தேவை எழுந்தது.

இத்தொழில் பெண்களோடு நின்றுவிடவில்லை. ஆடவரும், முதியவரும், நடை பழகிச் சில ஆண்டுகளே ஆன சிறுவரும் பின்னினர். இடையிற் கட்டிய கச்சையில் மரத்தாலான ஊசியுறை ஒன்றைச் செருகி, வலக்கை ஊசியின் அடியை அதன் துளையிலே பொருத்திக்கொள்வர். ஊசியின் பாரத்தை உறை தாங்குவதால் கை வேகம் பெறும், நடந்துகொண்டும் பின்னலாம். இளைஞர் தாம் விரும்பிய பெண்ணுக்கு இவ்வுறையைச் செதுக்கிக் கொடுப்பது வழக்கம். இதய வடிவமும் பெயரின் முதலெழுத்துக்களும் பொறித்த உறைகள் இன்றும் அரும்பொருட் சாலைகளிற் காணப்படுகின்றன. இம்மக்களின் விரைவைக் கண்டோர் ‘டென்றின் பயங்கரப் பின்னற்காரர்’ என்று அவர்களை அழைத்தனர். வியத்தகு திறமையையே அந்நாட்டுப் பேச்சு வழக்கிற் ‘பயங்கரம்’ என்னும் சொல் குறித்தது.

குளிர் நீங்கி இளவேனில் வந்ததும் பின்னல் வெளியே வந்துவிடும். டென்ற் ஊரின் பழைய வீடுகளுக்கு வெளிப்புறத்தே கற்படிகளும், மேல்மாடியையொட்டி மரத்தாலான திறந்த தாழ்வாரங்களும் இருந்தன. அத்தாழ்வாரங்களிற் பெண்கள் அமர்ந்து நூற்றலும் பின்னலும் செய்வர். தெரு மிகக் குறுகியதாகையால், எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பவளோடு குரலை உயர்த்தாமலே உரையாடலாம். பசுவைக் கறக்கப் போகும்போதும், ஆட்டுக்குட்டிகளைக் காத்து நிற்கும்போதும், சந்தைக்கு நடக்கும்போதும் ஊசிகள் ஓய்வதில்லை. நீண்ட கூதிர்காலம் முழுவதும் புகை சூழ்ந்த அடுப்பங்கரையில் அடைபட்டிருந்தோர்க்கு, முதல் வெயிலிற் காலை நீட்டி அமர்ந்து பின்னுவது எத்துணை இன்பம் அளித்திருக்கும் என்பதை எவரும் உணரலாம். வேலை அதே வேலைதான். ஆனால் வெளிச்சம் விலையின்றிக் கிடைத்தது.

குளிர்காலத்தில் வெளிச்சத்துக்கு விலை இருந்தது. மெழுகுதிரி எளியோர்க்கு எட்டாத பொருள். கோரையினத் தண்டின் தோலை உரித்து, உள்ளீட்டை ஆட்டுக் கொழுப்பிலே தோய்த்து உலர்த்திய விளக்கே பல வீடுகளில் எரிந்தது. எனவே ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே நெருப்பும் விளக்கும் எரிப்பதற்குப் பதிலாக, அயலார் யாவரும் முறைவைத்து ஒரு வீட்டிலே கூடினர். இதற்கு ‘இருக்கப் போதல்’ என்று பொருள்படும் பெயர் அவ்வூர்ப் பேச்சிலே வழங்கியது. நெருப்பைச் சூழ்ந்து அமர்ந்து, உடலை முன்னும் பின்னும் ஒரே சீராக அசைத்தவாறு பின்னுவர். கண்ணி எண்ணுவதற்கென்றே அமைந்த பாடல்கள் பாடப்படும். பழங்கதைகள் சொல்லப்படும். யார் முதலில் வரிசையை முடிப்பது என்று போட்டி நடக்கும். ஒரே நேரத்தில் பலர் பேசுவதால் வீடு இரைச்சலால் நிறைந்திருக்கும்.

அந்த இரைச்சலை நிறுத்த வல்லது ஒன்றே ஒன்றுதான். அதனைப் பற்றி எழுதி வைத்தவர் அவ்வூரிலே பிறந்த அடம் செட்ஜ்விக் என்பவர். 1785ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், அந்நாட்டு இளவேனிலின் தலைவாயிலில், டென்ற் திருச்சபைக் குருவின் மகனாக அவர் பிறந்தார். 1818இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிலவியற் பேராசிரியரானார். பூமியின் பழைய பாறைகளை ஆராய்ந்து கேம்பிரியன், தெவோனியன் ஆகிய காலப் பிரிவுகளை வகுத்து உலகப் புகழ் பெற்றார். அத்தகைய அறிஞர் தமது முதுமையில், இளமையிற் கண்ட பின்னற் கூட்டங்களை நினைவுகூர்ந்தார்.

அவர் கூறுவது இதுதான். கூட்டத்திலே தெளிவாக வாசிக்கக்கூடிய ஒரு பெண்ணை யாராவது வாசிக்கும்படி கேட்பர். அவள் புத்தகத்தைத் தன்முன் விரித்து வைத்துக்கொண்டு அமர்வாள். ஒரு கண்ணிக்கு மேல் தவறவிடாமல் பின்னலையும் தொடர்ந்துகொண்டே, றொபின்சன் குறூசோவின் ஓர் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்குவாள். அக்கணமே இரைச்சல் அடங்கிவிடும். அவளது குரலும் ஊசிகள் ஒன்றோடொன்று மோதும் சிற்றொலியுமன்றி வேறு ஒலி இராது. பக்கம் முடிந்ததும், இசைக்கருவி முன் அமர்ந்த சீமாட்டி இசையேட்டைத் திருப்புவது போல, ஒரு நொடியும் இழக்காமல் தாளைத் திருப்பி, அத்தியாயம் முடியும்வரை வாசித்துச் செல்வாள். சற்றுக் கண்டிப்பான வீடாயின், கதைக்குப் பதிலாக மோட்சப் பயணம் வாசிக்கப்படும்.

றொபின்சன் குறூசோ 1719ஆம் ஆண்டிலும், மோட்சப் பயணம் 1678ஆம் ஆண்டிலும் வெளிவந்தவை. கடலையே காணாத மலைநாட்டார், ஆளில்லாத் தீவிலே தனித்து வாழ்ந்த மாலுமியின் கதையை மூச்சடக்கிக் கேட்டனர். தன் கையாலேயே உடையும் கலமும் உணவும் தேடிக்கொண்ட அம்மனிதனுடைய பாடு, கையுழைப்பாற் பிழைத்த அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிராது. மற்றைய நூல் தமிழருக்கும் புதியதன்று. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் அதனைத் தழுவி எழுந்த காப்பியமே.

ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கத்தை ஈழத்துத் தமிழர் நன்கு அறிவர். கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணத்தை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதோரும் அப்புராணத்தை நெஞ்சிலே பதித்துக்கொண்டனர். வேறுபாடு ஒன்று உண்டு. புராணபடனம் கோயிலைச் சார்ந்தது. படிப்பவரும் பயன் சொல்பவரும் பெரும்பாலும் ஆடவர். டென்றிலோ வாசிப்பு அடுப்பங்கரையைச் சார்ந்தது. செட்ஜ்விக்கின் நினைவில் நிலைத்து நின்ற வாசகி கையில் ஊசியேந்திய ஓர் இளம்பெண்.

இவற்றை எண்ணும்போது அவ்வாழ்க்கையை முற்றும் இனியதென்று கருதிவிடுதல் கூடாது. வறுமையே பின்னலை வளர்த்தது. ஆங்கிலக் கவிஞர் றொபேட் சதே எழுதிய ‘வைத்தியர்’ என்னும் பல தொகுதி நூலில் இடம்பெற்ற ஓர் உண்மைக் கதை இதற்குச் சான்று. லாங்டேல் என்னும் ஊரைச் சேர்ந்த சகோதரிகளான சிறுமியர் இருவர், பின்னல் பழகுவதற்காக டென்றுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஓயாத பின்னலும் பழகாத உணவும் வீட்டு நினைவும் அவர்களை வாட்டின. ஒருநாள் எவரிடமும் சொல்லாமற் புறப்பட்டு, ஏறக்குறைய 30 மைல் தொலைவிலிருந்த தம் வீட்டை நோக்கி, மலைவழியே நடந்தனர். அவர்களுள் ஒருத்தி தன் முதுமையிற் கூறிய இக்கதையைக் கவிஞர் வேர்ட்சுவர்த்தின் குடும்பத்துப் பெண்கள் அவளது பேச்சு மொழியிலேயே எழுதிக்கொண்டனர். நெருப்பைச் சூழ்ந்த பாட்டும் கதையும் ஒருபுறம் இருக்க, பிள்ளையின் விரல்கள் கூலிக்காக உழைத்தன என்பதும் மறக்கத்தக்கதன்று.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. வாசிக்கத் தெரிந்த அப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்திருந்ததா? தெரியாமலும் இருந்திருக்கலாம். அக்காலத்து இங்கிலாந்தில் வாசிப்பும் எழுத்தும் தனித்தனியே கற்பிக்கப்பட்டன. முதலில் வாசிப்பு, சில ஆண்டுகளுக்குப் பின்னர் எழுத்து என்பதே முறை. ஏழைச் சிறுமியர்க்கு ஏற்பட்ட அறப்பள்ளிகளிலும், முதிய பெண்கள் தம் வீட்டிலே நடத்திய சிறு பள்ளிகளிலும், வாசிப்போடு பின்னலும் தையலும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. எழுத்து பையன்களுக்குரியது என்ற எண்ணம் பரவியிருந்தது. பையன் பேனாவைத் தொட்ட வயதில் பெண் ஊசியைத் தொட்டாள்.

இதனால் நேர்ந்த விளைவு பெரிது. 1754ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் மணமக்கள் திருமணப் பதிவேட்டிற் கையொப்பமிடவேண்டும். இயலாதோர் ஒரு கீறலிடவேண்டும். அக்காலத்து மக்களுள் எத்தனை பேர் கல்வியறிவுடையோர் என்பதைப் பிற்கால ஆய்வாளர் இக்கையொப்பங்களைக்கொண்டே கணக்கிட்டனர். அவ்வழக்கம் தொடங்கிய காலத்தில் மணமகளிருள் பத்தில் நால்வருக்கு மிகாதோரே கையொப்பமிட்டனர். எஞ்சியோர் கல்லாதோர் கணக்கிற் சேர்ந்தனர். ஆனால் கீறலிட்டவளும் வாசிக்க வல்லவளாய் இருந்திருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் குறூசோவின் கதையைத் தடையின்றி வாசித்து ஒரு வீட்டையே அமைதியில் ஆழ்த்திய பெண், மணநாளன்று பேனாவைப் பிடிக்க அறியாது ஒரு சிலுவைக் குறியிட்டுப் போயிருந்தால், பதிவேடு அவளைப் பற்றிச் சொல்வது யாது? எழுத்தறியாதவள் என்பது மட்டுமே. பதிவேடு பொய் சொல்லவில்லை. ஆயினும் முழு உண்மையையும் சொல்லவில்லை.

எனவேதான் செட்ஜ்விக்கின் குறிப்புக்கு மதிப்பு மிகுதி. அது எழுதப்பட்ட வரலாறும் சுவையானது. டென்ற் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் கௌகில் என்னும் இடத்திலே ஒரு சிற்றாலயம் கட்டப்பெற்றது. 1837ஆம் ஆண்டு அதற்கு அடிக்கல் நாட்டியவர் செட்ஜ்விக்கே. பின்னர் அலுவற் பதிவுகளில் அதன் பெயர் மக்களின் விருப்பத்துக்கு மாறாகக் கேர்க்துவெயிற் என்று மாற்றப்பட்டுவிட்டது. தம் ஊரின் பெயரை யாரோ அழித்துவிட்டதைப் பொறுக்காத முதியவர், 1868ஆம் ஆண்டு, தமது 83ஆம் வயதில், ஒரு முறையீட்டு நூலை அச்சிட்டார். பெயர்ப் பிழையைத் திருத்தவேண்டுமெனத் தொடங்கிய நூலிலே, ஊரின் பழக்கவழக்கங்கள், பேச்சு மொழி, தாழ்வாரங்கள், பின்னற் கூட்டங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்து இடம்பெற்றன. விக்ரோறியா மகாராணியின் கணவரான அல்பேட் இளவரசர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்தபோது, அங்கு அவருக்குச் செயலாளராகப் பணியாற்றியவர் செட்ஜ்விக். அந்நூல் மகாராணியின் பார்வைக்கும் எட்டியது. 1869இல் பாராளுமன்றச் சட்டமொன்றினால் கௌகில் என்னும் பழைய பெயர் மீண்டது. ஓர் ஆலயத்தின் பெயருக்காக நடந்த வழக்காடலே, பெயர் தெரியாத பெண்களின் மாலைப்பொழுதையும் காத்துத் தந்தது.

அவர் எழுதியபோதே அவ்வாழ்க்கை மறைந்துகொண்டிருந்தது. காலுறை பின்னும் பொறியை வில்லியம் லீ என்பவர் 1589ஆம் ஆண்டிலேயே அமைத்திருந்தார். கையாற் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழும் என்று அஞ்சி எலிசபெத் அரசி அவருக்கு உரிமை தர மறுத்தார் என்பது செவிவழிச் செய்தி. பொறி மெல்ல மெல்லவே பரவியது. ஆயினும், 19ஆம் நூற்றாண்டில் நீராவி ஆலைகள் பெருகவே, மலைநாட்டுக் கைப்பின்னல் விலைபோகாத பண்டமாயிற்று. முழங்காலளவு உடை ஒழிந்து நீண்ட காற்சட்டை வழக்கத்துக்கு வந்ததும் நீளக் காலுறைக்கிருந்த தேவை குன்றியது. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர் பையனும் பெண்ணும் ஒருங்கே எழுதப் பழகினர். புத்தகம் மலிந்தது, விளக்கெண்ணெய்யும் மலிந்தது. ஒவ்வொருவரும் தத்தம் விளக்கின் கீழ்த் தனித்திருந்து மௌனமாக வாசிக்கலாயினர். 1951ஆம் ஆண்டு மேரி ஹாட்லி, ஜோன் இங்கில்பி ஆகிய இரு பெண்மணிகள், மலைநாட்டுக் கைப்பின்னற்காரரைப் பற்றி நூலொன்று வெளியிட்டபோது, அத்தொழிலை அறிந்த முதியோர் சிலரின் நினைவிலேயே அது எஞ்சியிருந்தது.

இக்காலத்தில் பின்னல் வறுமையின் தொழிலாக அன்றி ஓய்வின் இன்பமாக வாழ்கிறது. குளிர்நாடுகளில் இளவேனில் வந்ததும், தோட்டத்து நாற்காலியில் நூற்பந்தும் புத்தகமுமாக அமரும் பெண்கள் பலர். கூலிக்காகப் பின்னவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எழுத்து அவர்களுக்கு மறுக்கப்படவும் இல்லை. அவ்விடுதலை எளிதிற் கிடைத்ததன்று.

டென்ற் ஊரின் கற்பாவிய தெருவிலே பெருங்கருங்கல் ஒன்று நிற்கிறது. அதில் அடம் செட்ஜ்விக்கின் பெயர் ஆழமாக வெட்டப்பட்டுள்ளது. பாறைகளின் வயதை அளந்தவருக்குப் பாறையே நினைவுச்சின்னமானது பொருத்தமே. அருகிலுள்ள வீடொன்றின் அடுப்பங்கரையில் வாசித்த பெண்ணின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தக் கிழவர் ஊர்ப் பெயருக்காகச் சினந்து எழுதிய நூலிலேதான், ஒரு கண்ணியும் நழுவாமல், அவள் இன்னும் தாளைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.